உயிரியல் தேர்வுக்கான திருப்புதல்: எந்தப் பாடப்பகுதியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் முழுமையான வழிகாட்டி

உயிரியல் தேர்வுக்குத் திருப்புதல் தொடங்கும் மாணவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்து, அங்கிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறார்கள். நடுவில் சில நாள்கள் தடைபட்டால் மறுபடியும் முதல் பாடத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அவர்களுடைய புத்தகத்தைப் புரட்டினால் செல் அமைப்பு பற்றிய பக்கங்கள் அடிக்கோடுகளால் நிறைந்து கசங்கியிருக்கும். மரபியலும் சூழ்நிலை மண்டலமும் உள்ள பின்பக்கங்கள் மடிப்புக் கலையாமல் இருக்கும். அவர்கள் செலவிட்ட நேரம் போதுமானதுதான். அந்த நேரம் போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

எந்தப் பகுதியை முதலில் எடுப்பது என்பதை மூன்று கேள்விகளைக் கொண்டு முடிவு செய்யலாம். இந்தப் பகுதிக்குத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வருகிறது? புத்தகத்தை மூடிவிட்டு இதைப் பற்றி என்னால் எவ்வளவு எழுத முடிகிறது? இது புரியாவிட்டால் வேறு எத்தனை பகுதிகள் புரியாமல் போகும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதற்குத் தோராயமாக ஒரு பதிலைச் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. உயிரியலில் அதிகம் இடறுவது அந்த மூன்றாவது கேள்வியில்தான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் தேர்வுக்குரிய, நடப்பு ஆண்டின் பாடத்திட்டம் முதலில் வேண்டும். பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகத்தில் இருந்தும் தேர்விலிருந்து நீக்கப்பட்ட பகுதிகளும், செய்முறை சார்ந்த கேள்விகளாக மட்டும் வரும் பகுதிகளும் பொருளடக்கத்தைப் பார்த்தால் தெரியாது.

அடுத்து, கடந்த சில ஆண்டுகளின் வினாத்தாள்களும் அவற்றுக்கான விடைக்குறிப்புகளும் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குரியவை கிடைத்தால் நல்லது. மூன்றுக்குக் குறைந்தால் எண்ணிக்கையை நம்ப முடியாது. வினாத்தாளின் அமைப்பு இடையில் மாறியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய தாள்களை மட்டும் மதிப்பெண் எண்ணுவதற்கு வைத்துக்கொண்டு, பழையவற்றைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். விடைக்குறிப்பு இல்லாத வினாத்தாளுக்குப் பாதிப் பயன்தான் உண்டு. எந்தச் சொல்லுக்கு மதிப்பெண், எந்தச் சொல் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை என்பது விடைக்குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

இவற்றோடு ஒரு பெரிய வெள்ளைத்தாள், மூன்று நிறப் பேனாக்கள், பிழைகளை மட்டும் எழுதுவதற்கான ஒரு சிறு நோட்டு ஆகியவை போதும். கீழே உள்ள படிகளில் முதல் ஐந்தையும் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளில் முடித்துவிடலாம். படிக்கும் நேரம் வீணாகிறதே என்று இந்த வேலையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. ஆனால் வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பதும் பழைய கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பதும் திருப்புதலின் ஒரு பகுதியே என்பதால், இதில் செலவாகும் நேரம் கணக்கில் சேர்ந்ததுதான்.

2. பாடங்களைச் சிறு பகுதிகளாக உடைத்தல்

பெரிய வெள்ளைத்தாளில் பாடத்திட்டத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பகுதி என்பது ஒரே அமர்வில், அதாவது சுமார் 40 நிமிடத்தில், ஒருமுறை முழுமையாகத் திருப்பக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

‘மனித உடல் செயல்பாடுகள்’ என்று எழுதினால் அது பகுதி ஆகாது, தலைப்பு மட்டுமே. அதை இதயத்தின் அமைப்பும் இரத்த ஓட்டமும், இரத்தத்தின் கூறுகள், நுரையீரலில் வாயுப் பரிமாற்றம், உணவு செரித்தலும் உட்கிரகித்தலும், நெஃப்ரானும் (சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகு) கழிவுநீக்கமும், நரம்பு செல்லும் அனிச்சைச் செயலும், ஹார்மோன்களும் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடும் என்று பிரிக்க வேண்டும். பெரிய தலைப்பாகவே விட்டுவிட்டால் ‘மனித உடல் எனக்குத் தெரியும்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடத் தோன்றும். இதயம் நன்றாகத் தெரிந்திருக்கும். நெஃப்ரான் சுத்தமாகத் தெரியாமல் இருக்கும். அந்த வேறுபாடு தாளில் தெரிவதற்காகத்தான் உடைக்கிறோம்.

அதே நேரத்தில் அளவுக்கு மீறியும் உடைக்க வேண்டாம். ‘இரத்தச் சிவப்பணு’, ‘இரத்த வெள்ளையணு’ என்று தனித்தனியாக எழுதினால் பட்டியல் நீண்டு, அதைப் பார்த்தாலே சோர்வு வரும். முழுப் பாடத்திட்டமும் ஏறத்தாழ 30 முதல் 45 பகுதிகளுக்குள் அடங்கினால் கையாள்வது எளிது.

பாடத்திட்டத்தில் தனித் தலைப்பாக இல்லாத நான்கு பகுதிகளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: சோதனை வடிவமைப்பு, வரைபடமும் அட்டவணையும் படித்தல், கணக்கீடுகள், படம் வரைந்து பாகங்களைக் குறித்தல். பொருளடக்கத்தில் இவை இல்லாததால் பட்டியலில் விடுபட்டுப் போகின்றன. தேர்விலோ ஏதாவதொரு பாடத்தின் பெயரில் தவறாமல் வந்து நிற்கின்றன.

3. வினாத்தாள்களில் மதிப்பெண்ணை எண்ணுதல்

ஒவ்வொரு வினாத்தாளையும் எடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்தப் பகுதியின் எதிரே மதிப்பெண்ணைக் குறியுங்கள். கேள்விகளின் எண்ணிக்கையைக் குறிக்காதீர்கள். உயிரினங்களை வகைப்படுத்துதலிலிருந்து நான்கு ஒரு மதிப்பெண் கேள்விகள் வந்திருக்கலாம். மரபியலிலிருந்து ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி வந்திருக்கலாம். கேள்விகளை எண்ணினால் வகைப்படுத்துதல் முந்தும். மதிப்பெண்ணை எண்ணினால் மரபியல் முந்தும்.

ஒரு கேள்வி இரண்டு பகுதிகளைத் தொட்டால் மதிப்பெண்ணைப் பிரித்து எழுதுங்கள். ‘வேர்த்தூவிகள் மண்ணிலிருந்து தாது அயனிகளை உறிஞ்சுவதற்கு ஆக்சிஜன் ஏன் தேவை?’ என்ற கேள்வி தாவரங்களில் கடத்துதல் என்ற தலைப்பில் வரும். ஆனால் செல் சுவாசத்தில் வெளிப்படும் ஆற்றல் செயல்மிகு கடத்துதலுக்கு (செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஆற்றலைச் செலவிட்டுக் கடத்துதல்) தேவைப்படுகிறது என்பது தெரியாமல் அதற்கு விடை எழுத முடியாது. இப்படிப் பிரித்து எழுதும்போது, எந்தப் பகுதி பிற பகுதிகளின் கேள்விகளுக்குள் மறைந்து வருகிறது என்பது கண்ணில் படும். அந்தக் குறிப்பு ஐந்தாவது படிக்கு உதவும்.

எண்ணி முடித்ததும் பகுதிகளை மூன்று தரமாகப் பிரியுங்கள். அதிக மதிப்பெண் பெற்றவற்றுக்கு 3, நடுத்தரமானவற்றுக்கு 2, குறைந்தவற்றுக்கு 1. இதைவிட நுட்பமாகக் கணக்கிடுவதில் பயனில்லை, ஏனெனில் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பெண் சற்று ஏறி இறங்கத்தான் செய்யும்.

இந்த இடத்தில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ‘போன ஆண்டு நெஃப்ரான் வந்துவிட்டது, எனவே இந்த ஆண்டு வராது’ என்று ஊகித்து ஒரு பகுதியை அடித்துவிடுகிறார்கள். மூன்று நான்கு தாள்களைக் கொண்டு இப்படி ஊகிக்க முடியாது. ஒரே பகுதி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வேறு வேறு வடிவில் கேட்கப்படுவது இயல்பானதே. மதிப்பெண் எண்ணிக்கை எதை முதலில் படிப்பது என்று சொல்லும். எதைப் படிக்கவே வேண்டாம் என்று சொல்லாது.

4. வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்து பலவீனத்தை அளத்தல்

எந்தப் பகுதி தெரியும், எது தெரியாது என்று ஒரு மாணவரைக் கேட்டால் அவர் சொல்லும் பதில், அந்தப் பக்கத்தை அவர் எத்தனை முறை பார்த்திருக்கிறார் என்பதைத்தான் காட்டும். பல முறை பார்த்த பக்கம் பழகியதாகத் தோன்றும். பழகியது தெரிந்ததாகத் தோன்றும். எனவே மனத்தில் தோன்றுவதை வைத்துத் தெரிந்ததற்குப் பச்சை, தெரியாததற்குச் சிவப்பு என்று நிறம் பூச வேண்டாம், எழுதிப் பாருங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, புத்தகத்தை மூடி வைத்து, ஒரு வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். பிறகு அதே பகுதியிலிருந்து விளக்கம் கேட்கும் ஒரு பழைய கேள்விக்கு விடை எழுதி, விடைக்குறிப்பை வைத்துக் கண்டிப்பாகத் திருத்துங்கள். ‘இதைத்தான் மனத்தில் நினைத்தேன்’ என்று உங்களுக்கு நீங்களே மதிப்பெண் கொடுத்துக்கொள்ளக் கூடாது. திருத்துபவர் தாளில் இருப்பதைத்தான் படிப்பார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூர்ந்து பார்ப்போம். செறிவு மிகுந்த உப்புக் கரைசலில் வைக்கப்பட்ட உருளைக்கிழங்குத் துண்டின் நிறை குறைந்தது ஏன் என்பது மூன்று மதிப்பெண் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். சவ்வூடு பரவல் தனக்கு நன்றாகத் தெரியும் என்று பச்சை நிறம் பூசிய ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார்: ‘உப்புக் கரைசல் உருளைக்கிழங்கில் உள்ள நீரை இழுத்துக்கொண்டது, அதனால் நிறை குறைந்தது.’ நீர் வெளியேறியது என்ற கருத்து அதில் இருப்பதால் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். வெளிக்கரைசலில் கரைபொருள் செறிவு அதிகம், அதாவது நீரின் செறிவு குறைவு என்பது இல்லை. அரை கடத்து சவ்வு வழியாக சவ்வூடு பரவல் நடந்தது என்பதும் இல்லை. மூன்றில் இரண்டு போய்விட்டது. இதே மாணவரிடம் சவ்வூடு பரவலின் வரையறையைக் கேட்டால் பிழையில்லாமல் ஒப்பிப்பார். வரையறை மனப்பாடமாக இருப்பதும், அதை ஒரு சோதனையின் மேல் பொருத்த முடிவதும் இரு வேறு திறன்கள். வெற்றுத்தாளோடு நிறுத்தாமல் பழைய கேள்வியையும் எழுதச் சொல்வது இதனால்தான்.

திருத்திய பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 3 வரை பலவீன எண் கொடுங்கள். முழு மதிப்பெண்ணையும் நெருங்கினால் 0. சிறு விடுபடல்கள் மட்டும் இருந்தால் 1. பாதிக்கு மேல் விடுபட்டால் 2. ஏறக்குறைய ஒன்றுமே எழுத முடியாவிட்டால் 3.

எண்ணுக்குப் பக்கத்திலேயே பலவீனத்தின் வகையையும் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள், ஏனெனில் ஒவ்வொரு வகையையும் சரிசெய்ய ஆகும் நேரம் வேறு. சொல் பலவீனம் என்றால் கருத்து தெரியும், சரியான கலைச்சொல் வரவில்லை என்று பொருள்; இதை மிக விரைவாகச் சரிசெய்துவிடலாம். ‘அதிக வெப்பத்தில் நொதி இறந்துவிடுகிறது’ என்று எழுதுபவர் ‘நொதியின் இயல்பு திரிகிறது, செயல்மையத்தின் வடிவம் மாறுவதால் தளப்பொருள் அதில் பொருந்துவதில்லை’ என்று எழுதப் பழகுவதற்கு ஓர் அமர்வே போதும். வரிசைப் பலவீனம் என்றால் ஒரு நிகழ்வின் படிகள் முன்பின்னாகின்றன என்று பொருள். செல் பிரிதல், அனிச்சை வில், நைட்ரஜன் சுழற்சி ஆகியவற்றில் இது அதிகம். கருத்துப் பலவீனம் என்றால் காரணமே புரியவில்லை என்று பொருள். இதற்குத்தான் அதிக நேரமும் ஆசிரியரின் உதவியும் தேவைப்படும். எனவே இவ்வகைப் பகுதிகளை அட்டவணையின் கடைசியில் தள்ளிவிடக் கூடாது.

5. எது எதன்மேல் நிற்கிறது என்று அம்புக்குறி இடுதல்

இப்போது பெரிய தாளில், ஒரு பகுதி புரிந்தால்தான் இன்னொன்று புரியும் என்ற இடங்களில் எல்லாம் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அம்புக்குறி வரையுங்கள்.

பரவலிலிருந்தும் சவ்வூடு பரவலிலிருந்தும் நுரையீரல் வாயுப் பரிமாற்றம், குடலுறிஞ்சிகளில் உட்கிரகித்தல், வேர்த்தூவியில் நீர் உறிஞ்சுதல், நெஃப்ரானில் நீர் மீள உறிஞ்சப்படுதல் ஆகியவற்றுக்கு அம்புகள் போகும். நொதிகளிலிருந்து செரித்தலுக்கும், சுவாசத்துக்கும், ஒளிச்சேர்க்கையின் வேகத்தை வெப்பநிலை மாற்றுவதற்கும் போகும். குரோமோசோம், செல் பிரிதல் ஆகியவற்றிலிருந்து மரபியலுக்கும் இனப்பெருக்கத்துக்கும் போகும். ஒளிச்சேர்க்கை, சுவாசம் இரண்டிலிருந்தும் கார்பன் சுழற்சிக்கும் உணவுச் சங்கிலியில் ஆற்றல் ஓட்டத்துக்கும் போகும்.

இதைச் செய்து பார்க்கும்போது, நேரடியாகக் குறைந்த மதிப்பெண்ணே பெறும் சில பகுதிகளிலிருந்து பல அம்புகள் கிளம்புவதைக் காண்பீர்கள். மரபியல் கணக்குகளில் தடுமாறும் பலருக்கு உண்மையான சிக்கல் மரபியலில் இருப்பதில்லை. மனித உடல் செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்க, இனச்செல்லில் 23 மட்டுமே இருப்பது ஏன் என்பதை, அதாவது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் இனச்செல்லுக்குப் போகிறது என்பதை, குன்றல் பகுப்பில் (இனச்செல்களை உருவாக்கும் செல் பிரிதல்) அவர்கள் புரிந்துகொள்ளாமல் விட்டிருப்பார்கள். அதனால்தான் புன்னட் கட்டத்தின் (பெற்றோரின் இனச்செல்கள் சேரும் வகைகளைக் காட்டும் கட்டம்) ஓரத்தில் ஓர் இனச்செல்லுக்கு இரண்டு அல்லீல்களையும் (ஒரே ஜீனின் மாற்று வடிவங்கள்) சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கட்டத்தை எத்தனை முறை போட்டுப் பழகினாலும் இந்தப் பிழை போவதில்லை; குன்றல் பகுப்பை ஒருமுறை படமாக வரைந்து, ஒவ்வொரு குரோமோசோமும் எங்கே போகிறது என்று விரல் வைத்துப் பின்தொடர்ந்தால் போய்விடுகிறது. அதன் பிறகு 3:1 என்ற புறத்தோற்ற விகிதமும் 1:2:1 என்ற ஜீனாக்க விகிதமும் மனப்பாடம் செய்யாமலேயே கட்டத்திலிருந்து வந்துவிடும்.

அம்புக்குறியை மனம்போன போக்கில் போடவும் கூடாது. உயிரியலில் எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையவைதான். ‘இது தெரியாமல் அதன் விடையை எழுதவே முடியாது’ என்னும் அளவுக்கு நெருங்கிய தொடர்புக்கு மட்டும் அம்பு போடுங்கள்.

6. மூன்று எண்களையும் சேர்த்து வரிசைப்படுத்துதல்

கணக்கு எளியது. மதிப்பெண் தரத்தைப் பலவீன எண்ணால் பெருக்குங்கள். அதோடு அந்தப் பகுதியிலிருந்து கிளம்பும் அம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பலவீனம் 0 என்றால் அம்புகளைக் கூட்ட வேண்டாம். தெரிந்த பகுதிக்கு அவசரம் கிடையாது.

ஒரு மாணவரின் தாளில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்.

சவ்வூடு பரவல்: தரம் 2, பலவீனம் 2, அம்புகள் 3. மொத்தம் 7.
ஒரு பண்புக் கலப்பு (ஒரே ஒரு பண்பைப் பின்தொடரும் மரபியல் கணக்கு): தரம் 3, பலவீனம் 2, அம்பு இல்லை. மொத்தம் 6.
நெஃப்ரான்: தரம் 2, பலவீனம் 3, அம்பு இல்லை. மொத்தம் 6.
குன்றல் பகுப்பு: தரம் 2, பலவீனம் 2, அம்புகள் 2. மொத்தம் 6.
ஒளிச்சேர்க்கை: தரம் 3, பலவீனம் 1, அம்புகள் 2. மொத்தம் 5.
வகைப்படுத்துதல்: தரம் 1, பலவீனம் 3, அம்பு இல்லை. மொத்தம் 3.
இதயம்: தரம் 3, பலவீனம் 0. மொத்தம் 0.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஏற்கெனவே தெரிந்த இதயம் முதல் வரிசையில் வந்திருக்கும். பலவீனத்தை மட்டும் பார்த்திருந்தால் வகைப்படுத்துதல் முன்னுக்கு வந்து ஒரு வாரத்தை விழுங்கியிருக்கும். சமமான எண்கள் வந்தால் அம்பைப் பாருங்கள். குன்றல் பகுப்பும் ஒரு பண்புக் கலப்பும் 6 பெற்றிருந்தாலும், முந்தையது பிந்தையதற்கு அடிப்படை என்பதால் அதுவே முதலில் வர வேண்டும். அதேபோல், சவ்வூடு பரவலை முடித்துவிட்டுத்தான் நெஃப்ரானுக்குப் போக வேண்டும்.

இந்தக் கணக்கு உங்கள் யோசனைக்கு ஒரு கைத்தாங்கல்தான். 5 பெற்ற பகுதி ஒன்றில் வெறும் சொல் பலவீனம் மட்டும் இருந்து, அதை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தெரிந்தால், அதை 6 பெற்றதற்கு முன்னால் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

7. நாட்காட்டியில் இடம் ஒதுக்குதல்

தேர்வுக்கு மீதமுள்ள நாள்களில் கடைசி ஒரு வாரத்தை முழுத்தாள் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, மிச்ச நாள்களில் பகுதிகளை நிரப்புங்கள். நாள் ஒன்றுக்கு உயிரியலுக்கு இரண்டு அமர்வுகள் கிடைத்தால், ஒன்றைப் புதிய பகுதிக்கும் மற்றதை ஏற்கெனவே முடித்தவற்றை மீண்டும் எழுதிப் பார்ப்பதற்கும் வையுங்கள். எல்லா அமர்வுகளையும் புதியவற்றுக்கே கொடுத்தால், முதல் வாரத்தில் படித்தது மூன்றாம் வாரத்தில் கையில் இருக்காது.

முடித்த ஒரு பகுதியை மறுநாள் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் புத்தகம் திறக்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். இடைவெளி விட்டு எழுதும்போது கொஞ்சம் தடுமாறுவீர்கள். அந்தத் தடுமாற்றம்தான் நினைவைப் பலப்படுத்துகிறது, எனவே அதைக் கண்டு உடனே பக்கத்தைத் திறக்காதீர்கள்.

ஒன்றோடொன்று குழம்பும் பகுதிகளை அடுத்தடுத்த அமர்வுகளில் வைத்து வேறுபாடுகளை எழுதிப் பழகுங்கள். மைட்டாசிஸும் குன்றல் பகுப்பும், சைலமும் ஃபுளோயமும், இன்சுலினும் குளுக்ககானும், மூச்சுவிடுதலும் செல் சுவாசமும் அப்படிப்பட்ட ஜோடிகள். இவற்றைத் தனித்தனியே படித்தால் இரண்டுமே தெரிந்தது போலத் தோன்றும்; தேர்வில் ஒன்றின் விடை மற்றதற்குப் போய்விடும்.

பலவீனம் 0 பெற்ற பகுதிகளை முற்றிலும் மறந்துவிடவும் வேண்டாம். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எழுதிப் பார்த்தால் போதும்.

8. ஒரு பகுதியை எப்போது நிறுத்துவது

எப்போது தொடங்குவது என்று திட்டமிடுபவர்கள்கூட எப்போது நிறுத்துவது என்று திட்டமிடுவதில்லை. பிடித்த பகுதியில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தங்கிவிடுகிறார்கள். இதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பகுதியிலிருந்து வேறு வேறு நாள்களில் எழுதிய இரண்டு பழைய கேள்விகளில் ஐந்தில் நான்கு பங்கு மதிப்பெண் வந்துவிட்டால் அங்கே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்கு ஏற ஆகும் நேரத்தில், 30 சதவீதத்தில் இருக்கும் வேறொரு பகுதியை 70 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அழகான குறிப்பு எழுதுவதையும் இங்கேயே சொல்ல வேண்டும். நான்கு நிறங்களில் தலைப்பு எழுதி, கட்டம் போட்டு, புத்தகத்தைப் பார்த்துப் படியெடுப்பதில் ஒரு மாலை போய்விடும். கை உழைத்திருக்கும், நினைவிலிருந்து எடுக்கும் வேலை நடந்திருக்காது. குறிப்பு எழுதத்தான் வேண்டும் என்றால் முதலில் நினைவிலிருந்து எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் வேறு நிறத்தில் சேருங்கள்.

9. பாடத்தில் இல்லாத பாடங்கள்

இரண்டாம் படியில் சேர்த்த நான்கு திறன்களையும் வாரத்துக்கு ஓர் அமர்வாகத் தொடக்கத்திலிருந்தே பரப்பி வையுங்கள். கடைசி வாரத்துக்கு விட்டுவைத்தால் இவை வராது. பழக்கத்தால் மட்டுமே வரும் திறன்கள் இவை.

சோதனைக் கேள்விகளில் ஒவ்வொரு படியின் காரணமும் கேட்கப்படும் என்று எண்ணிப் படியுங்கள். இலையில் ஸ்டார்ச் உள்ளதா என்று அறியும் சோதனையில் இலையைக் கொதிநீரில் இடுவது செல்களைக் கொன்று சவ்வுகளைச் சிதைப்பதற்காக. சூடான ஆல்கஹாலில் இடுவது பச்சையத்தை நீக்கி நிறமாற்றம் தெரியச் செய்வதற்காக. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதை நேரடியாகச் சூடாக்காமல் நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்குகிறோம். மொரமொரப்பான இலையை மென்மையாக்க மீண்டும் நீரில் அலசுகிறோம். கடைசியாக அயோடின் இடும்போது ஸ்டார்ச் உள்ள இடம் கருநீலமாகும். படிகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு ‘ஏன்’ என்ற கேள்வி வந்ததும் பேனா நின்றுவிடுகிறது.

வரைபடக் கேள்விகளில் ‘விவரி’ என்றால் கோட்டின் போக்கை எண்களோடு சொல்ல வேண்டும். ‘விளக்குக’ என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒளிச்செறிவு கூடக்கூட ஒளிச்சேர்க்கையின் வேகம் கூடி, ஒரு நிலைக்குப் பிறகு கோடு மட்டமாகிறது என்பது விவரிப்பு. அந்த நிலைக்குப் பிறகு கார்பன் டைஆக்சைடின் அளவோ வெப்பநிலையோ கட்டுப்படுத்தும் காரணியாகிவிடுகிறது என்பது விளக்கம். ஒன்றைக் கேட்ட இடத்தில் மற்றதை எழுதி, பாடம் நன்றாகத் தெரிந்தும் மதிப்பெண்ணை இழப்பவர்கள் அதிகம்.

கணக்கீடுகளில் உருப்பெருக்கம் முக்கியமானது: படத்தின் அளவை உண்மையான அளவால் வகுக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வகுக்க வேண்டும். படத்தில் 50 மில்லிமீட்டர் நீளமுள்ள செல்லின் உண்மையான நீளம் 100 மைக்ரோமீட்டர் என்றால், 50 மில்லிமீட்டர் என்பது 50,000 மைக்ரோமீட்டர். எனவே உருப்பெருக்கம் 500 மடங்கு. அலகை மாற்றாமல் 50 ஐ 100 ஆல் வகுத்து ‘0.5 மடங்கு’ என்று எழுதுபவர், நுண்ணோக்கி செல்லைச் சிறிதாக்கிக் காட்டியதாக எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை. விடை வந்ததும் அது நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று ஒரு கணம் பாருங்கள்.

10. வாரந்தோறும் வரிசையைத் திருத்துதல்

முதல் நாள் போட்ட வரிசை மூன்றாம் வாரத்துக்குப் பொருந்தாது. வாரக் கடைசியில் அரை மணி நேரம் எடுத்து, அந்த வாரம் எழுதிய கேள்விகளின் மதிப்பெண்ணைப் பார்த்து, பலவீன எண்களை மட்டும் மாற்றிக் கணக்கை மறுபடி போடுங்கள். மதிப்பெண் தரமும் அம்புகளும் மாறாது.

பிழை நோட்டையும் அப்போதே புரட்டுங்கள். ஒரே பிழை மூன்று பகுதிகளில் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்த மூன்றையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. அம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அந்த அடிப்படைப் பகுதிக்குப் போங்கள். சுவாசத்தில் ‘ஆற்றல் உருவாகிறது’ என்று எழுதுபவர் உணவுச் சங்கிலியிலும் அதே பிழையைச் செய்வார். ஆற்றல் வெளிப்படுகிறது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறுகிறது என்பதை ஓரிடத்தில் திருத்தினால் இரண்டு இடத்திலும் சரியாகும்.

11. நாள்கள் குறைவாக இருந்தால்

தேர்வுக்கு பத்து நாள்தான் இருக்கிறது என்றால் கணக்கு மாறும். வெற்றுத்தாள் சோதனையை, தரம் 3 பெற்ற பகுதிகளுக்கும் அவற்றுக்கு அம்பு அனுப்பும் பகுதிகளுக்கும் மட்டும் செய்யுங்கள். அவற்றுள் பலவீனம் 1 அல்லது 2 பெற்றவற்றை முதலில் எடுங்கள். 3 பெற்றவற்றைப் பின்னால் வையுங்கள். முழுமையாகப் புரியாத ஒன்றை அடிப்படையிலிருந்து கட்ட இப்போது நேரம் போதாது. பாதி தெரிந்ததை முழுமையாக்க நேரம் போதும். வைத்துவிட்ட பகுதிகளிலும் வரையறை, பெயரிட்ட ஒரு படம், முக்கியச் சொற்கள் ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொண்டால் சிறு கேள்விகளின் மதிப்பெண் கிடைக்கும்.

மூன்றே நாள் இருந்தால் வரிசைப்படுத்துவதில் நேரத்தைச் செலவிடாமல், அண்மைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதித் திருத்துங்கள். மதிப்பெண் போன இடங்களே உங்கள் பட்டியல்.

தேர்வுக்கு முந்தைய மாலையில் பிழை நோட்டு, குழம்பும் ஜோடிகள், அயோடின் (ஸ்டார்ச்), பெனடிக்ட் (சர்க்கரை), பையூரெட் (புரதம்) சோதனைகளின் நிறமாற்றங்கள், பெயரிட வேண்டிய படங்கள் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். அதுவரை தொடாத பகுதியை அன்று திறக்க வேண்டாம். அதில் கிடைக்கக்கூடியது ஓரிரு மதிப்பெண்தான், அதற்குச் செலவாகும் மாலையோ ஏற்கெனவே தயாராக உள்ள முப்பது பகுதிகளை ஒருமுறை பார்ப்பதற்குப் போதுமானது.